கப்பல் பட்டியலிலிருந்து ஊர்க் கணக்கு வரை

1880களில் வட ஆற்காட்டுக் கிராமம் ஒன்றின் சேரியில் வாழ்ந்த நிலமற்ற பண்ணையாள் ஒருவரைப் பற்றி இன்று எழுத்துச் சான்று தேடினால், அவர் பிறந்த ஊரிலேயே உழைத்து மறைந்தவராயின் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. அவரே சென்னையில் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றவராயின், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், உடலில் இருந்த தழும்பு ஆகியவை ஒரே வரியில் எழுதப்பட்டு டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சென்னை மாகாணத்து வருவாய்க் கணக்குகள் நிலவரி செலுத்தியவரின் பெயரைக் குறித்துக்கொண்டன. அந்த நிலத்தில் நாற்று நட்டவரின் பெயர் அவற்றுக்குத் தேவைப்படவில்லை. ஒப்பந்தக் கப்பலின் கணக்கோ ஆளையே சரக்காக எண்ணியதால், ஒவ்வோர் ஆளையும் தனித்தனியே அடையாளம் குறித்துவைக்க வேண்டியிருந்தது. மனிதரை இழிவுபடுத்திய அந்தக் கணக்கே இன்று பல்லாயிரம் குடும்பங்களுக்கு முன்னோரின் ஊரைச் சொல்லும் ஒரே எழுத்தாக இருக்கிறது. அந்த ஒரு வரியைக் கண்டெடுப்பதும், பிழையின்றிப் படிப்பதும், அதைக் கைக்கொண்டு தமிழ்நாட்டு ஆவணங்களுக்குள் நுழைவதும் இந்த இயலின் பொருள்.

ஒப்பந்தத் தொழிலாளர் முறை என்பது, குறித்த கூலிக்குக் குறித்த ஆண்டுகள் வரை, நேட்டாலைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஐந்தாண்டுகள், ஒரே முதலாளியிடம் உழைப்பதாகக் கைநாட்டு வாங்கித் தொழிலாளரைக் கடல் கடந்து அனுப்பிய முறையாகும். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் கப்பலான ‘டுரூரோ’ சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அடுத்த சில நாள்களில் கல்கத்தாவிலிருந்து ‘பெல்விடியர்’ வந்து சேர்ந்தது. 1911 வரை இவ்வாறு 1,52,184 பேர் சென்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர். இடையில் 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புவது நின்றிருந்தது என்பதைத் தேடுவோர் நினைவில் கொள்ள வேண்டும். குடும்பத்தில் வழங்கும் செய்தி 1870ஆம் ஆண்டில் தாத்தாவின் தந்தை ஒப்பந்தத்தில் வந்தார் என்று சொன்னால், அந்த ஆண்டு தவறாக இருக்கலாம், அல்லது அவர் நேரே நேட்டாலுக்கு வராமல் மொரீசியஸ் போன்ற வேறொரு இடத்திலிருந்து வந்திருக்கலாம். எதுவானாலும் அந்தச் செய்தியை மறுபடி விசாரிக்கத்தான் வேண்டும்.

வீட்டிலுள்ள தாள்களும் வாய்மொழியும்

தேடலை முன்னோரிலிருந்து தொடங்குவது பரவலாகக் காணப்படும் தவறு. உயிரோடிருக்கும் மூத்தவரிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் ஆவணத்தையாவது உறுதிசெய்துகொண்டு பின்னோக்கிச் செல்வதே பிழை நேராத வழி. இடையில் ஒரு தலைமுறை ஊகமாக நின்றுவிட்டால், அதற்கு மேலே கண்டுபிடிப்பது எல்லாம் வேறொருவரின் குடும்பமாக இருக்கக்கூடும்.

வீட்டுத் தாள்களில் முதலில் தேட வேண்டியது குடியேற்ற எண். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஒரு தொடர் எண் வழங்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்றிதழ், திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு ஆகிய எல்லாவற்றிலும் அந்த எண்ணே ஆளுக்கு அடையாளமாக எழுதப்பட்டது. 1895ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்த பின் மறு ஒப்பந்தமும் செய்யாமல் இந்தியாவுக்கும் திரும்பாமல் தங்கிய புதிய குடியேறிகள்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதித்தது. 1914இல் நீக்கப்படும் வரை தண்டப்பட்ட அந்த வரியின் ரசீதுகள் சில குடும்பங்களில் இன்னும் இருக்கக்கூடும், அவற்றிலும் எண்ணைப் பார்க்க வேண்டும். எண் கையில் இருந்தால் தேடல் எளிது. எண் இல்லாதபோது, இறந்தவரின் பெற்றோர், பிறந்த இடம், பிள்ளைகள் ஆகியோரைக் குறிக்கும் தென்னாப்பிரிக்க இறப்பு அறிவிப்புப் படிவங்களையும், இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்னும் அதிகாரியின் அலுவலகம் வைத்திருந்த பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளையும் நாட வேண்டும். அந்தப் பாதுகாவலர் அலுவலகத்துக் கடிதக் கோப்புகளில் கூலி பாக்கி, அடி உதை, கணவன் மனைவியரை வெவ்வேறு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பியது முதலியவை பற்றித் தொழிலாளர் தந்த புகார்கள் இருப்பதால், முன்னோர் எண்ணாக மட்டும் நில்லாமல் பேசும் மனிதராகத் தெரியவரும் அரிய இடம் அது.

வாய்மொழிச் செய்திகளைக் கேட்கும்போது ஊர்ப்பெயரை மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. குலதெய்வத்தின் பெயர், அக்கோயிலில் பலி உண்டா பொங்கல் மட்டுமா, முடியிறக்குவதும் காதுகுத்துவதும் எந்தத் தெய்வத்தின் முன் நடந்தன, வீட்டில் என்ன மொழி பேசப்பட்டது, இறந்தவரைப் புதைத்தார்களா எரித்தார்களா என்பன போன்ற கேள்விகளுக்கு விடை சொல்பவர் அவற்றின் பயனை அறியாமலே சொல்லும் விவரங்கள், பின்னர் ஒரே பெயருடைய இரண்டு ஊர்களுக்கிடையே முடிவெடுக்க உதவுகின்றன. தமிழ்க் குடும்பங்களில் தந்தைவழிப் பாட்டனின் பெயரை மூத்த பேரனுக்கு இடும் வழக்கம் பரவலாக இருந்ததால், நேட்டாலில் பிறந்த மூத்த மகனின் பெயர், கப்பல் பட்டியலில் தந்தை பெயராகக் குறிக்கப்பட்டதோடு ஒத்திருந்தால் அது நல்ல துணைச் சான்று. சொன்னவரின் பெயரையும் சொன்ன நாளையும் சேர்த்து எழுதிவைத்தால்தான் வாய்மொழிச் செய்தி சான்றாக நிற்கும்.

ஒரு வரியைப் படித்தல்

கப்பல் பட்டியல்களின் மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்தின் வழியாக அவை கணினித் தரவாகவும் தேடக் கிடைக்கின்றன. தரவில் கிடைத்தாலும் மூலப் பக்கத்தின் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஏனெனில், தரவில் இடம்பெறுவது ஒருவர் படித்துத் தட்டச்சு செய்தது; மூலத்தில் இருப்பது ஆள் திரட்டிய தரகர் சொன்னதைக் காதால் கேட்ட எழுத்தர் தம் மொழிப் பழக்கத்துக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதியது. இரண்டு இடத்திலும் பெயர் திரிந்திருக்கும்.

திரிபுகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. உகரமும் ஊகாரமும் ஆங்கிலத்தில் இரட்டை ‘ஓ’ எழுத்தால் எழுதப்பட்டமையால் முனுசாமி ‘மூன்சாமி’ போலவும், முத்து ‘மூட்டூ’ போலவும், குப்பு ‘கூப்பூ’ போலவும் பட்டியலில் காட்சி தருகின்றனர். சகரம் ஓரிடத்தில் ‘ச’ ஒலியாகவும் வேறோரிடத்தில் ‘ச்ச’ ஒலியாகவும் எழுதப்பட்டுள்ளது. ழகரம் லகரமாகிறது அல்லது மறைந்துவிடுகிறது. வகரத்தோடு தொடங்கும் பெயர்கள் இரண்டு வேறு ஆங்கில எழுத்துகளின் கீழ்ப் பிரிந்து கிடக்கின்றன. ஆகவே உயிரெழுத்துகளைப் பொருட்படுத்தாமல் மெய்யெழுத்துகளின் வரிசையை மட்டும் கொண்டு தேடுவது பயன் தரும். ம, ன, ச, ம என்ற வரிசையில் வரும் எல்லா வடிவங்களையும் பார்த்துவிட்டால் எந்த முனுசாமியும் தப்பமாட்டார். தெலுங்கு மாவட்டங்களிலிருந்து சென்றவர்களின் பெயரின் ஈற்றில் ‘கடு’ என்று ஒட்டியிருப்பது, மரியாதையின்றி ஆணைக் குறிக்கும் தெலுங்கு விகுதியே ஒழிய, பெயரின் பகுதி அன்று.

குடும்பப் பெயரைக் கொண்டு தேடுவது பெரும்பாலும் வீண். கப்பலேறியபோது பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரோ சாதிப் பட்டமோ நேட்டாலில் பின்னர் குடும்பப் பெயராக உறைந்தது. கவுண்டர் ‘கவெண்டர்’ என்றும், முதலி ‘மூட்லி’ என்றும், படையாட்சி ‘படயாச்சி’ என்றும் எழுத்தில் நிலைபெற்றன. உடன்பிறந்த இருவரில் ஒருவரின் வழியினர் தந்தை பெயரையும் மற்றவரின் வழியினர் பட்டத்தையும் குடும்பப் பெயராகக் கொண்டிருக்கக்கூடும். பட்டம் இருப்பதால் மட்டுமே முன்னோர் அச்சாதியினர் என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. கடலைத் தாண்டியபின் புதிய பட்டத்தைச் சூட்டிக்கொண்டோரும் இருந்தனர், சாதியின் கொடுமையிலிருந்து விலகிச் செல்லக் கிடைத்த வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொண்டதில் குறை காண எவருக்கும் உரிமை இல்லை.

பட்டியலில் சாதிக் கட்டத்தில் ‘மலபார்’ என்று எழுதியிருந்தால் அது கேரளத்தைக் குறிப்பதாகக் கருதிவிடக் கூடாது. அக்கால ஆங்கில அலுவல் வழக்கில் அது பெரும்பாலும் தமிழரையே குறித்தது, ‘ஜென்டூ’ தெலுங்கரைக் குறித்தது. வயது தோராயமானது, இருபது, இருபத்தைந்து, முப்பது என்ற எண்களே மிகுந்து வருவதிலிருந்து, கேட்டுத் தெரிந்துகொண்டதைவிடப் பார்த்து மதிப்பிட்டதே அதிகம் என்பது புரியும். தழும்பு, பச்சை குத்தல், மச்சம் ஆகியவை பெயர் மாற்றிக்கொண்டு ஓடிப்போகிறவரைப் பிடிப்பதற்காகக் குறிக்கப்பட்டவை. எனவே அவை பெயரைவிட நம்பத்தக்கவை.

இவை எல்லாவற்றையும்விடப் பயன் தருவது, தேடுபவர் பலர் பாராமல் விட்டுவிடும் ஒன்று: அந்த வரிக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகள். ஆள் திரட்டிய தரகர் ஒரு வட்டாரத்திலிருந்து சேர்ந்தாற்போல் அழைத்து வந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் கிடைத்தன. முன்னோரின் எண்ணுக்கு முன்னும் பின்னும் இருபது எண்களைப் படித்து, அவற்றில் அதே ஊர், அதே தாலுகா, அதே தந்தை பெயர் வருகின்றனவா என்று பார்த்தால், அண்ணன் தம்பியோ மாமன் மைத்துனரோ கிடைப்பதுண்டு. ஊர்ப்பெயர் ஒருவர் வரியில் சிதைந்திருந்தால், பக்கத்து வரியில் செம்மையாக எழுதப்பட்டிருப்பதும் உண்டு. கணவன் மனைவியாகப் பதிவானோரின் ஊர்கள் வெவ்வேறாக இருந்தால், அவர்கள் கப்பலேறுமுன் தங்கிய சென்னை முகாமில் ஒருவரையொருவர் அறிந்து இணைந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்போது இருவரின் ஊரையும் தனித்தனியே தேட வேண்டும். தனியாகச் சென்ற பெண்களின் வரிகளைத் தாய்வழித் தேடலின் தொடக்கமாகக் கொள்ளாமல் ஆண்வழியை மட்டும் பற்றிச் செல்வது, குடும்ப வரலாற்றின் பாதியைத் தாமே அழிப்பதாகும்.

மாவட்டமும் ஊரும்

பட்டியலில் உள்ள மாவட்டம் இன்றைய மாவட்டம் அன்று. ‘வட ஆற்காடு’ என்பது இன்றைய வேலூர், இராணிப்பேட்டைப் பகுதிகளோடும் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஒரு பகுதியோடும், 1911இல் தனி மாவட்டமாகி இன்று ஆந்திரத்தில் இருக்கும் சித்தூரின் பெரும்பகுதியையும் உள்ளடக்கியது. ‘தென் ஆற்காடு’ 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. ‘சிங்கிள்புட்’ என்று எழுதப்பட்ட செங்கல்பட்டு இன்றைய காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு ஆகிய மூன்றுமாகும். கரூர் 1910 வரை கோயம்புத்தூரைச் சேர்ந்தது. சேலத்தைச் சேர்ந்ததாகக் குறிக்கப்பட்ட திருப்பத்தூர் 1911இல் வட ஆற்காட்டுக்கு மாற்றப்பட்டு, பின்னர் வேலூரின் பகுதியாகி, 2019இல் தனி மாவட்டமானது. அதே பெயரில் சிவகங்கைப் பகுதியில் இருக்கும் திருப்பத்தூரோ அக்காலத்தில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டக் கட்டத்தைப் படிக்காமல் ஊர்ப்பெயரை மட்டும் பற்றிக்கொண்டால் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வேறொருவரின் சொந்தக்காரர்களைத் தேடிப் போக நேரும்.

புதூர், புதுப்பட்டி, நல்லூர், பாளையம் போன்ற பெயர்களில் ஒரே தாலுகாவில் பல ஊர்கள் இருக்கும். தாலுகாவாரியாக அச்சிடப்பட்ட சென்னை மாகாண ஊர்ப்பட்டியல்களைக் கொண்டு அவற்றை எல்லாம் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக நீக்கிச் செல்வதே வழி. வருவாய்க் கிராமம் என்பது வரிக் கணக்கின் அலகு. அதனுள் பல குக்கிராமங்கள் அடங்கும், ஊருக்கு அப்பால் ஒதுக்கப்பட்ட சேரிக்குப் பெரும்பாலும் கணக்கில் தனிப்பெயர் கிடையாது. ஆகவே பட்டியலில் உள்ள ஊர்ப்பெயர் தாய்க்கிராமத்தைக் குறிக்க, குடும்பம் வாழ்ந்த இடம் அரை மைல் தள்ளிய சேரியாகவோ குக்கிராமமாகவோ இருக்கலாம். ஊருக்குள் விசாரித்து ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பிவிடுபவர்கள், விசாரிக்க வேண்டிய தெருவுக்குப் போகாமலே திரும்பியவர்களாக இருக்கக்கூடும்.

தமிழ்நாட்டு ஆவணங்கள்

இந்த இடத்தில் வீண் எதிர்பார்ப்பு ஒன்றை நீக்கிவிடுவது நல்லது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரிப் படிவங்கள் குடும்ப வரலாற்றின் முதுகெலும்பாக இருக்கின்றன. இந்தியாவில் தனிநபர் விவரம் அடங்கிய படிவங்கள் தொகுத்து எண்ணிய பின் அழிக்கப்பட்டுவிட்டமையால், சென்னை மாகாணத்தில் 1871 முதல் கணக்கெடுப்பு நடந்திருந்தும் அதில் எந்த முன்னோரின் பெயரையும் தேட இயலாது. ஊர்ப் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சில இடங்களில் கிடைத்தாலும், அவற்றில் குழந்தையின் பெயரின்றித் தந்தை பெயரும் ஆணா பெண்ணா என்பதும் மட்டுமே எழுதப்பட்டிருப்பது மிகுதி.

பயன் தருபவை நில ஆவணங்கள். செட்டில்மெண்ட் பதிவேடு என்பது, ரயத்துவாரி ஊர்களில், அதாவது இடைத்தரகர் இன்றி உழவரிடமே அரசு வரி வாங்கிய ஊர்களில், அளவாய்வுக்குப்பின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலத்தின் வகை, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவற்றைக் குறித்த பதிவேடு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும், ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட மறு செட்டில்மெண்ட் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே புல எண்ணில் தந்தை பெயர் மறைந்து மகன்களின் பெயர் வருவதைக் காணலாம். கோயில், சத்திரம், ஊர் ஊழியம் ஆகியவற்றுக்காக வரி தள்ளுபடி செய்யப்பட்ட நிலம் இனாம் அல்லது மானியம் எனப்படும். 1858இல் அமைந்த இனாம் ஆணையம் இவற்றை விசாரித்து எழுதிய பதிவேட்டில், மானியம் பெற்றவர், அப்போது அனுபவித்தவர், அவருக்கும் முன்னவருக்கும் உள்ள உறவு ஆகியவை இடம்பெறுவதால், ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறை கிடைப்பதுண்டு. ஜமீன் ஊர்களில் இத்தகைய அரசுப் பதிவேடு 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே எழுதப்பட்டது. அதற்கு முந்திய கணக்கு ஜமீன் குடும்பத்திடமோ அதன் கணக்குப்பிள்ளை வழியினரிடமோ இருக்கலாம். ஊர்க் கணக்கரான பரம்பரைக் கர்ணத்தின் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தபோது, எல்லாத் தாள்களும் அரசிடம் வந்துவிட்டன என்று கொள்வதற்கில்லை. பழைய கர்ணத்தின் வீட்டில் பணிவுடன் கேட்டுப் பார்ப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

இப்பதிவேடுகளில் பல சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1909இல் சென்னை ஆவண அலுவலகமாகத் தொடங்கிய அந்த நிறுவனத்தில், கோப்புகள் துறை, அரசாணை எண், நாள் என்ற முறையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. குடும்பப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எவராலும் எடுத்துத் தர இயலாது. மாவட்டம், தாலுகா, கிராமம், பதிவேட்டின் வகை ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். 1860களிலிருந்து நடைபெற்றுவரும் ஆவணப் பதிவும் கைவிடத்தக்கதன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆள் பெயர்வாரியாக ஓர் அட்டவணையும் சொத்துவாரியாக மற்றோர் அட்டவணையும் வைக்கப்படுகின்றன. பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் விடுதலைப் பத்திரத்திலும் பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் தந்தை பெயரும் வசிப்பிடமும் எழுதுவது வழக்கமாதலால், கடல் கடந்து போன சகோதரரின் பங்கு என்னவாயிற்று என்பது அங்கே தெரியவரலாம்.

நிலம் இல்லாத குடும்பங்களுக்கு இவற்றால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. ஒப்பந்தத்தில் சென்றவர்களில் பலர் அத்தகைய குடும்பத்தினரே. அவர்களைத் தேடுவோர் மூன்று இடங்களைப் பார்க்கலாம். ஊர் ஊழியம் செய்த வெட்டியான், தலையாரி முதலியோருக்கு விடப்பட்ட சிறு மானியத் துண்டுகள் ஒன்று. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892ஆம் ஆண்டு அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டு, இன்று பஞ்சமி நிலம் என வழங்கும் நிலங்களின் ஒப்படைப் பதிவுகள் இரண்டாவது. ஊரில் தங்கிவிட்ட தம்பியின் பெயரோ அண்ணன் மகனின் பெயரோ அவற்றில் இருக்கக்கூடும். மூன்றாவது, மற்ற இரண்டையும்விட வளமானது, கிறித்தவத் திருச்சபைகளின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள். நிலமோ பட்டமோ பாராமல் ஒவ்வோர் ஆளையும் பெயரோடு எழுதிவைத்த உள்நாட்டுப் பதிவேடு இதுவே. திருமுழுக்குப் பெயரோடு முந்தைய பெயர், பெற்றோர், ஊர், ஞானப்பெற்றோர் ஆகியவை இதில் கிடைக்கும். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியின் லுத்தரன் மறைப்பணியைச் சார்ந்த தாள்களில் பெரும்பகுதி ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனக் காப்பகத்தில் உள்ளது. கத்தோலிக்கப் பதிவேடுகளைப் பங்கு ஆலயத்திலும் மறைமாவட்ட அலுவலகத்திலும் கேட்க வேண்டும். குடும்பம் இன்று இந்துவாக இருப்பதாலேயே இவற்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. உறவின் ஒரு கிளை மதம் மாறியிருந்தால், மற்றக் கிளையின் ஊரும் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

ஆண்டுகளைக் கணக்கிடுதல்

வருவாய் ஆவணங்கள் பசலி ஆண்டில் எழுதப்பட்டவை. பசலி ஆண்டு ஜூலையில் தொடங்குவதால், பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டும், 591ஐக் கூட்டினால் முடியும் ஆண்டும் கிடைக்கும். பசலி 1310 என்பது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளின் தாள்களில் கொல்லம் ஆண்டு வரும். கொல்லம் 1075 என்பது 1899 ஆவணியில் தொடங்கியது. ஓலைகளிலும் தனியார் கணக்குகளிலும் அறுபதாண்டுச் சுற்றின் பெயர் மட்டுமே இருந்தால் எச்சரிக்கை தேவை: விளம்பி என்பது 1838ஆகவும் இருக்கலாம், 1898ஆகவும் இருக்கலாம், தாளில் வரும் நாணயம், அதிகாரியின் பதவிப்பெயர், முத்திரைத்தாளின் வகை ஆகியவற்றைக் கொண்டே தெளிய வேண்டும். நில அளவும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். தஞ்சைப் பகுதியின் வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர், செங்கல்பட்டுக் காணி 1.32 ஏக்கர்.

மற்ற நாடுகளுக்குச் சென்றோர்

மொரீசியஸுக்குச் சென்றோரின் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. 1860களின் பிற்பகுதியிலிருந்து அடையாளச் சீட்டுக்காக எடுக்கப்பட்ட ஒளிப்படங்களும் அவற்றில் இருப்பதால், முன்னோரின் முகத்தையே காணும் பேறு சில குடும்பங்களுக்குக் கிடைத்துள்ளது. அங்கே பெயர்கள் பிரெஞ்சு ஒலிப்பில் எழுதப்பட்டவை. 1903 முதல் சென்னை வழியாக ஃபிஜிக்குச் சென்றோருக்கு ஆளுக்கொரு குடிபெயர்வுச் சீட்டு எழுதப்பட்டது. அவை சுவா நகரிலுள்ள ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகச் சென்றோரைத் தேடுவோர், பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளின் ஆவணக் காப்பகத்தில் தொடங்க வேண்டும். புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து முறைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் குடும்பப் பெயர் சூடிப் பதிவு செய்துகொண்டதால், அந்தப் பெயர் தொடங்கிய நாளே ஆவணத்தில் கிடைத்துவிடும்.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டோரின் நிலை வேறு. கங்காணி தம் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் முன்பணம் கொடுத்துத் திரட்டிய ஆள்களுக்குக் கப்பல் ஒப்பந்தம் எழுதப்படவில்லை; அவர்களுடைய கடன் மட்டுமே துண்டு எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டுத் தோட்டத்துக்குத் தோட்டம் சென்றது, அந்த முறை இலங்கையில் 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆகவே இலங்கையின் மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்கு நேட்டால் பட்டியலைப் போன்றதொரு பதிவேடு இல்லை. தோட்டப் பிறப்பு இறப்புப் பதிவுகளும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானபின் அம்மக்கள் அளித்த குடியுரிமை விண்ணப்பங்களும், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா திரும்பியோரின் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையுமே அவர்களுக்கு ஆதாரம். மறுக்கப்பட்ட உரிமையை நிரூபித்துக் காட்ட அவர்கள் சேர்த்துவைத்த தாள்களே இன்று அவர்களின் குடும்ப வரலாறாக இருக்கின்றன; அவற்றில் ஒன்றையும் பழந்தாள் என்று எறிந்துவிடக் கூடாது.

சான்றை எடைபோடுவதும் ஊருக்குச் செல்வதும்

பெயர், தந்தை பெயர், ஊர் ஆகிய மூன்றும் ஒத்திருப்பது மட்டும் ஒருவரை உறுதிசெய்யப் போதாது. முனுசாமியின் மகன் சின்னசாமி என்று ஒரே ஊரில் இருவர் இருந்திருக்கலாம். வெவ்வேறு நோக்கத்துக்காக வெவ்வேறு கைகளால் எழுதப்பட்ட இரண்டு ஆவணங்களாவது ஒத்துப்போக வேண்டும், அவற்றோடு முரண்படும் மூன்றாவது ஆவணம் இருந்தால் அந்த முரண் விளக்கப்பட்டிருக்க வேண்டும். அதுவரை குடும்ப மரத்தில் அந்தப் பெயரின் அருகே ‘உறுதியன்று’ என்று எழுதிவைப்பதே நேர்மை. ஆவணம் எழுதப்பட்ட நாள், அது இருக்கும் காப்பகம், தொகுதி எண், பக்கம் ஆகியவற்றைக் குறிக்காமல் படம் மட்டும் எடுத்து வருவோர், அடுத்த தலைமுறையினரை மறுபடி முதலிலிருந்து தேட வைக்கிறார்கள்.

ஊருக்குச் செல்பவர் முதலில் அறிய வேண்டியது அங்குள்ளோரின் அச்சம். கடல் கடந்து போனவரின் வழியினர் திரும்பி வந்து பழைய பெயர்களையும் புல எண்களையும் கேட்டால், சொத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்றே பங்காளிகள் எண்ணுவர். உரிமை கோரும் எண்ணம் இல்லை என்பதை முதல் பேச்சிலேயே தெளிவாகச் சொல்லி, பட்டா விவரங்களைப் பற்றிய கேள்விகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, குலதெய்வத்தைப் பற்றிய கேள்வியோடு தொடங்குவது நல்லது. சாதிப் பெயரைச் சொல்லி விசாரிப்பதால் ஒரு தெருவின் கதவுகள் திறந்து மற்றொரு தெருவின் கதவுகள் மூடும் ஊர்கள் இன்றும் உள்ளமையால், உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் போன்ற நடுநிலையாளர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம்.

குலதெய்வக் கோயில்களில் திருவிழாச் செலவுக்காகத் தலைக்கட்டு வரி தண்டப்படுகிறது. தலைக்கட்டு என்பது திருமணமான ஆணைத் தலைவராகக் கொண்ட குடும்ப அலகு. அந்த வரிக் குறிப்பேடு கோயில் தர்மகர்த்தாவிடமோ பூசாரியிடமோ இருக்கும், அதில் வெளியூருக்குப் போய்விட்ட பங்காளிகளின் பெயர்களும் தொடர்ந்து எழுதப்பட்டிருப்பதுண்டு. பங்காளிகள் எல்லாரும் ஓரிடத்தில் கூடும் நாளில் போனால் பல நாள் அலைச்சல் மிச்சமாகும். வட மாவட்டங்களில் அம்மன் கோயில்களுக்கு ஆடி மாதமும், மதுரை, இராமநாதபுரப் பகுதிகளில் மாசி மாதச் சிவராத்திரியும், திருநெல்வேலிப் பகுதியில் சாஸ்தா வழிபாட்டுக்குரிய பங்குனி உத்திரமும் அத்தகைய நாள்கள். பயணத்தை அந்நாள்களுக்கு ஏற்பத் திட்டமிட்டு, எழும்பூர்க் காப்பகத்தில் விண்ணப்பித்துப் படிகள் பெறுவதற்கான வேலை நாள்களை அதற்கு முன்னதாக வைத்துக்கொண்டால், பதிவேட்டில் கண்ட பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டே ஊராரிடம் கேட்க முடியும்.